பக்கத்து நிலத்துப் பத்திரம்

எங்கள் குடும்பத்துப் பழைய பத்திரத்தை அப்பா மஞ்சள் துணியிலிருந்து அவிழ்த்து இரண்டு கையாலும் நீட்டினார். ரிக்கார்டு அக்கா அதை வாங்கி, முதல் பக்கத்தைக்கூடப் பார்க்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

“இது வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க பத்திரத்துல நீங்க எப்படி இருக்கணும்னு ஆசப்பட்டியளோ அப்படித்தான் இருப்பிய. பக்கத்து நெலத்துக்காரன் பத்திரத்துலதான் நீங்க நீங்களா இருப்பிய. அது எங்கன கெடக்குன்னு நான் பாத்துக்கிடுதேன்.”

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பீரோவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஆடிக்கும் தைக்கும் சந்தனம் தொட்டு வைத்த பத்திரம் அது. அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா இருந்த கடைக்கு வந்திருந்தோம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தேன். அதற்கப்புறம் அந்தக் கடையில் நான் சிரித்ததாக நினைவில்லை.

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், “தகப்பன் பேரு எங்க? கதவு நம்பர் எங்க? இதெல்லாம் இல்லாம ஒரு பேரு ஒரு பேரா?” என்று கேட்டிருப்பார். பத்திரப்பதிவு ஆபீஸில் பத்திரங்களைக் கையால் நகல் எழுதும் வேலையில் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்த பிறகும் பழைய தொகுதிகளோடேயே கிடந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் உட்கார முடியாமல், எதிர்த்தெருவில் ஒரு பத்திர எழுத்தர் கடையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு, மூக்கில் தடித்த கண்ணாடி, கையில் ஒரு இரும்பு அடிஸ்கேல். கடைத்தெருவில் பெரியவர்கள் சிறியவர்கள் எல்லோருக்கும் அவர் ரிக்கார்டு அக்காதான். அப்பாவைவிட நான்கு வயது மூத்தவர், அப்பாவும் அக்கா என்றார், நானும் அக்கா என்றேன்.

அந்த அடிஸ்கேலைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. வாசிக்கிற வரிக்குக் கீழே அதை வைப்பார். அந்த வரி முடிந்தால்தான் ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். யாராவது அவசரப்பட்டு, “சரிக்கா, விசயம் புரிஞ்சிருச்சு” என்று எழுந்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டார். “இன்னும் வரி இருக்கு” என்பார். கேட்கிறவன் உட்கார்ந்தால் வாசிப்பார். போனால் ஸ்கேலை அங்கேயே வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். கூப்பிட மாட்டார்.

பக்கத்து நிலத்து விஷயம் இதுதான். நிலத்தை எழுதுகிறவன் தன்னைப் பற்றி என்ன பெருமை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் நிலத்துக்குக் கிழக்கே யார், மேற்கே யார் என்று நான்கு எல்லையையும் எழுதியாக வேண்டும். அங்கே நிற்கிற ஆளைப் பற்றிப் பொய் எழுத எழுதுகிறவனுக்கு ஒரு அக்கறையும் கிடையாது. ஊருக்குத் தெரிந்தபடி எழுதிவிட்டுப் போய்விடுவான். யாரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றாலும் அக்கா அவருடைய பத்திரத்தைத் தேட மாட்டார். அவர் யாருக்கெல்லாம் எல்லையாக நின்றார் என்றுதான் தேடுவார்.

ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற பெரிய வீடு ஒன்று. பேத்தி கல்யாணத்துக்குக் குடும்ப வரலாறு அச்சடித்துக் கொடுக்க ஆசைப்பட்டு அக்காவை அழைத்திருந்தார்கள். ஊருக்கு முதல் கிணறு வெட்டித் தந்தவர் தங்கள் முப்பாட்டனார் என்பது அவர்கள் வீட்டுப் பெருமை. இரண்டு மாதம் கழித்து அக்கா போய், கூடத்தில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்க, பக்கத்துத் தோட்டத்துப் பத்திரத்தை வாசித்தார். வடக்கெல்லை: முப்பாட்டனார் பெயரைச் சொல்லி, மேற்படியார் பாதி வெட்டி விட்டுப்போன கிணறு. வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்த வீட்டுப் பெரியம்மா மட்டும், “நிஜமே கதா!”, உண்மைதானே என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தாராம். அந்த வம்சத்தில் ஒரு ஆணும் எடுத்த வேலையை முடித்ததில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த வரலாறு அச்சாகவே இல்லை.

அடுத்தவர் விஷயத்தில்தான் இவ்வளவு கறார் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அக்காவின் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு முட்டுச்சந்தில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பழைய பத்திரம் ஒன்றை வேறு எதற்கோ பார்க்கையில், சந்தின் அகலம் தன் வீட்டுப் படிக்கட்டு நிற்கிற இடத்தையும் சேர்த்து எழுதியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டு படியை இடித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது. தெரிந்த பிறகும் அவருக்கு அதில் சந்தோஷமில்லை, கூட்டிப் பெருக்க வேண்டிய இடம் கூடிப்போய்விட்டது என்று எரிச்சல்தான். அதற்கப்புறம் அக்கா தன் வீட்டு வாசலில் ஏறும்போதெல்லாம் நிலையைப் பிடித்துக்கொண்டு, முட்டியில் கை ஊன்றி, “அல்லா” என்று முனகிக்கொண்டு ஏறுவார். அவருடைய அத்தா கட்டிய படி அது. “அத்தா தெரியாமக் கட்டிட்டாக. தெரிஞ்ச பொறவும் நான் மிதிக்க முடியுமா?” என்றார். இப்படிப்பட்ட ஒரு ஆளிடம் போய் என் கல்யாணத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலின் தரம் பார்க்கும் அறையில் வேலையில் இருந்தேன். கணேசன் அதே மில்லில் எலெக்ட்ரீசியன், நான் விரும்பியவன். ஆலங்குளத்துப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். எங்கள் சனமேதான் என்பதால் இரண்டு வீட்டிலும் பெரிதாகச் சண்டை எதுவும் இல்லை. சம்மதம் சொல்லி, தட்டு மாற்ற நாள் பார்க்க அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கேசரி தின்றாகிவிட்டது. பேச்சுவாக்கில் கணேசனின் அம்மா என் அம்மாவிடம் சொன்னார்.

“எங்க வீட்ல ஒரு கத உண்டு மதினி. எங்க வீட்டுக்காரவுக பூட்டன் கூடப்பொறந்தவரு ஒருத்தரு, மழ இல்லாத காலத்துல ஒத்தக் காளையப் பிடிச்சுக்கிட்டு மேக்க போனவரு. திரும்பி வரவே இல்ல. இப்பவும் பொங்கலுக்கு அவரு பேரச் சொல்லி ஒரு எல போட்டு வைப்போம்.”

அப்பா கையில் இருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. கான்சாபுரத்துக்கு மேற்கே மலையடியில் எங்கள் குலசாமி இருக்கிறார். சாமி என்றால் எங்கள் முன்னோர்தான். எங்களுக்கு அவர் மேற்கே வந்த தாத்தா. காடு திருத்தி, கிணறு வெட்டி, அங்கேயே அடங்கியவர். அவருடைய கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் இருக்கிறது. அது காளை. ஒரே காளை. கிழக்கேயிருந்து அதை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை.

பெயரைக் கேட்டால் அதுவும் ஒன்றுதான், ஆனால் எங்கள் சனத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர். இரண்டு கதையும் ஒரே ஆளுடையது என்றால் கணேசனும் நானும் பங்காளி வழி. எத்தனை தலைமுறை கழிந்தாலும் பங்காளி என்றால் அண்ணன் தங்கச்சி. காதல், படிப்பு, வேலை எதுவும் அதன் முன்னால் நிற்காது. கணேசனின் அப்பா எழுந்து, “தெரிஞ்சுக்கிட்டுச் செய்வோம். தெரியாமச் செஞ்சா பாவம்” என்றார். தட்டு எங்கள் வீட்டிலேயே மூடிக் கிடந்தது. அப்படித்தான் அப்பா பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார்.

அக்கா முதலில் கிழக்கே போனார். ஆலங்குளத்துப் பக்கத்துப் பதிவுகளுக்கு வேறு அலுவலகம் போக வேண்டியிருந்தது. விதிப்படி மனு போட்டு, விதிப்படி காத்திருந்து, பஸ் மாறி மாறிப் போய்வந்தார். எங்கள் தாத்தாவின் பெயரைக் குறித்து வாங்கிக்கொண்டாரே தவிர, அந்தப் பெயரில் பத்திரம் தேடவில்லை. அந்தப் பெயர் எங்கெல்லாம் எல்லையாக வருகிறது என்று தேடினார்.

மூன்றாவது வாரம் முதல் தகவல் வந்தது. கணேசன் வீட்டு முன்னோர் நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு புஞ்சை. அதன் மேற்கெல்லை: எங்கள் தாத்தா பெயர், அவருடைய தகப்பன் பெயர். கணேசனின் அப்பாவுடைய பூட்டனாருக்கும் தகப்பன் அதே ஆள். சில வருஷம் கழித்து அதே புஞ்சை மறுபடி கைமாறியிருக்கிறது. இப்போது மேற்கெல்லை: மேற்படியார் விட்டுப்போன தரிசு.

“இருந்தாரு. பொறவு இல்ல” என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த மனிதர் ஒவ்வொரு ஊராக மேற்கே நகர ஆரம்பித்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க் கரையில் யாரோ ஒருவரின் நிலத்துக்கு மேற்கெல்லையாக, கிழக்கத்தியான் குடிசை என்று அவர் பெயரோடு நின்றார். சில வருஷத்தில் அந்த எல்லையிலும் வேறு ஆள் வந்துவிட்டான். பிறகு வத்திராயிருப்புப் பக்கம் ஒரு குத்தகை நிலத்துக்கு எல்லையானார். எங்கே போனாலும் அவர் யாருக்கோ மேற்கெல்லையாகத்தான் இருந்தார். தாத்தா ஒரு ஊர் மேற்கே நகர்ந்தால் என் கல்யாணம் ஒரு ஊர் தள்ளிப் போனது. மில்லில் கணேசன் எதிரே வந்தால் பேச்சுக் குறைந்துவிட்டது. என்னவென்று சொல்லிப் பேசுவது? ஒருநாள், “புதுசா ஏதாச்சும் எல்ல வந்துச்சா?” என்று கேட்டான். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியாகப் போனேன். மத்தியானம். கடையில் அக்கா மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இத்தோட நிறுத்திக்கங்கக்கா” என்றேன். “இதுக்கு மேல கெடைக்கலன்னு அப்பாகிட்டச் சொல்லிருங்க. கான்சாபுரம் வந்து சேராம இருந்தா அது வேற ஆளுன்னு சொல்லிக்கிடலாம்.”

“வந்து சேந்துட்டாரேட்டி.”

“எப்ப?”

“நேத்து.”

அழுதுவிட்டேன். அக்கா எழுந்து, மேஜையில் கிடந்த காகிதங்களை எடுத்து எனக்கு எட்டாத பக்கம் தள்ளிவைத்தார். “அழணும்னா அழு. பேப்பர்ல விழுந்துரக் கூடாது, அதான்.”

இவ்வளவு ஈரமில்லாத ஒரு பொம்பளையை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன். அவரோ டிபன் பாக்ஸ் மூடியில் இரண்டு கை புளிச்சாதம் வைத்து என் பக்கம் நகர்த்தினார். “தின்னு. ஒரே ஒரு எடம் பாக்கி இருக்கு. ஒங்க தாத்தா தோட்டத்துப் பக்கத்துல ஒரு மாந்தோப்பு. அது ரெண்டு தடவ வித்திருக்கு. மொத தடவைதான் பாத்திருக்கேன்.”

“ரெண்டாவத பாக்காதீங்க.”

“நீ சொல்லிட்ட பொறவு எப்படிப் பாக்காம இருப்பேன்?” என்றார். நான் சாதத்தைத் தின்னாமல் வந்துவிட்டேன்.

அக்கா போன ஆவணியில் மவுத்தாகிவிட்டார். செய்தி கேட்டுப் போனபோது அந்த வீட்டு வாசலில் படி இல்லாத இடத்தில் யாரோ ஒரு கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள், வருகிறவர்கள் ஏற. பக்கத்து வீட்டுக்காரர்தான் போட்டாராம். நானும் அந்தக் கல்லில் கால் வைத்துத்தான் ஏறினேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் அழுதுவிட்டு வந்த அடுத்த வாரம் அக்கா அப்பாவுக்குப் போன் செய்து, “வாங்க, வாசிக்கேன்” என்றார். அப்பாவும் நானும் போனோம். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அக்கா ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்தார்.

முதலில் மாந்தோப்பின் இரண்டாவது பத்திரம். அதில் மேற்கெல்லை எங்கள் தாத்தாவின் பெயரோடு முடியவில்லை. மேற்படியாருடைய சகோதரி குமாரன் கிணறு என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், தாத்தா எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் தேடி நகல் எடுத்திருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரன் சொல்லிவிட்டான், இனி சொந்தப் பத்திரத்தை நம்பலாம் என்பது அவர் கணக்கு.

“எனக்குச் சந்ததி இல்லாதபடியாலும்,” என்று அக்கா வாசித்தார். “என் சகோதரி குமாரன் சிறு பிராயம் முதல் என்னோடு மேற்கே வந்து, காடு திருத்துகையிலும் கிணறு வெட்டுகையிலும் ஒத்தாசையாயிருந்து வருகிறபடியாலும், அடியிற்கண்ட சொத்தை மேற்படியானுக்கு எழுதி வைத்திருக்கிறேன்.”

அந்தச் சகோதரி குமாரனின் பெயர் எங்களுக்குத் தெரியும். எங்கள் வம்சத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வைக்கிற பெயர். தாத்தாவின் ஒரே மகன் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தவர். அப்பாவின் பெயரும் அதுதான்.

அப்பா மேஜையில் ஓங்கித் தட்டினார். “அப்ப பங்காளி இல்ல! அவிய அண்ணன் வழி, நாம தங்கச்சி வழி! நல்ல மொறதான்ட்டி, கட்டிக்கிடுற மொறதான்!” என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“செத்த பொறுங்க அண்ணாச்சி. இன்னும் வரி இருக்கு” என்றார் அக்கா.

ஆனால் அப்பாவின் சந்தோஷம் அதற்குள் வடிந்துவிட்டது. கை என் கையிலேயே இருந்தது, பிடி இல்லை. “அப்ப தாத்தா எங்களுக்குத் தாத்தா இல்லையா?” என்றார்.

“தாய்மாமன்.”

“ஆலங்குளத்துக்காரவியளுக்கு?”

“அவியதான் ரத்தப் பங்காளி.”

ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் கோயிலில் முதல் திருநீறு அப்பாவுக்குத்தான். வம்சத்தில் மூத்த வழி என்று எழுபது குடும்பம் ஒதுங்கி நிற்க, அப்பா முன்னால் போய்த் தட்டை வாங்குவார். அந்தத் தட்டைத் தவிர அப்பாவுக்கு ஊரில் வேறு பெரிய பெருமை கிடையாது. மில் வேலை, வாடகை வீடு, இரண்டு பெண் பிள்ளை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் நிமிர்ந்து நடப்பார்.

“அக்கா, இத ஆலங்குளத்துக்காரவியகிட்ட மட்டும் காமிச்சிருவோம். கோயில்ல சொல்ல வேண்டாம். எதுக்கு, எல்லாத்துக்கும் மனசுக் கஷ்டம்” என்றார் அப்பா.

“ஒரு எடத்துல வாசிச்சு, இன்னொரு எடத்துல மடிச்சு வைக்க நான் நகல் எடுக்கல. வாசிச்சா ரெண்டு எடத்துலயும் வாசிக்கணும். ஒக்காருங்க, இன்னும் வரி இருக்கு.”

“என்னக்கா வரி, வரி! எங்க சாமியப் பறிச்சிட்டு இன்னும் என்ன வரி?” அப்பா எழுந்த வேகத்தில் ஸ்கேல் கீழே விழுந்து சிமெண்ட் தரையில் சத்தமிட்டது. ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டார்.

நான் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அக்கா குனிந்து ஸ்கேலை எடுத்து, விட்ட வரிக்குக் கீழே சரியாக வைத்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“நீயாச்சும் கேக்கியாட்டி?”

நான் கேட்கவில்லை. இன்னும் என்னவெல்லாம் வருமோ என்று பயம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதை யாராவது பிடுங்குவதற்குள் ஓடிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அப்பாவின் பின்னால் ஓடினேன்.

மூன்று வாரம். அக்கா ஒரு போன் செய்யவில்லை. அப்பா நினைத்திருந்தால் பத்திர எண்ணைக் கேட்டு வாங்கித் தானே மனு போட்டிருக்கலாம், கேட்டால் அக்கா கொடுத்தும் இருப்பார். அப்பா கேட்கவில்லை. வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆலங்குளத்திலிருந்து கணேசனின் அப்பா இரண்டு முறை கூப்பிட்டு, “என்ன ஆச்சு?” என்றார். “வந்துக்கிட்டே இருக்கு” என்று அப்பா பொய் சொன்னார். எங்கள் வீட்டுச் சண்டைக்குள் வந்து நியாயம் சொல்ல இந்த அக்காவுக்கு என்ன உரிமை என்று நான் பொருமினேன். அம்மா என்னைப் பார்த்து, “ஒங்கப்பன் சாமியா, ஒங் கல்யாணமா?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பயந்து அப்பா அந்த அறைக்கே வரவில்லை.

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புகையில் அப்பா மேற்கே பார்த்துக் கும்பிட்டு, “தாத்தா, வாரேன்” என்பார். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அது ஒருநாளும் விட்டதில்லை. அந்த மூன்று வாரமும் கை கூப்பினார், வாய் திறந்தார், “தா” என்று வந்து நின்றுவிடும். அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஒருநாள் வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“அக்காவுக்குப் போனப் போடு. உத்திரத்தன்னைக்குக் கோயிலுக்கு வரச் சொல்லு. ஆலங்குளத்துக்காரவியளையும் வரச் சொல்லு. ரெண்டு எடமும் ஒரே எடமாயிரட்டும்.”

“தட்டு போயிருமேப்பா” என்றேன்.

“பொய் சொல்லி எப்படிட்டி கும்பிட?” என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

பங்குனி உத்திரத்து மத்தியானம், பொங்கல் பானைகள் இறக்கிய நேரம். அக்கா வத்திராயிருப்பு பஸ்ஸில் வந்து, வெயிலில் நடந்து, தோப்புக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி கல்லைச் சுற்றிக் கயிறு கட்டிய இடத்துக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கணேசன் வீட்டார் ஒரு ஓரமாக நின்றார்கள். என் சித்தப்பா, “வேத்து ஆளு வந்து நம்ம கோயில்ல என்னத்த வாசிக்க?” என்று குரலை உயர்த்தினார்.

“அவிய வாசிக்கட்டும்லே” என்றார் அப்பா. கையில் திருநீற்றுத் தட்டு. கடைசி முறையாக வாங்கியிருந்தார். வாசித்து முடித்ததும் அதைக் கணேசனின் அப்பா கையில் கொடுக்கப் போவதாக எங்களிடம் சொல்லியிருந்தார்.

அக்கா இடது கையில் ஒரு அட்டையை வைத்து, அதன்மேல் நகலை வைத்து, ஸ்கேலை வைத்தார். முதல் வரியிலிருந்து வாசித்தார். சகோதரி குமாரன் என்ற இடத்தில் கூட்டம் சலசலத்தது. சித்தப்பா ஏதோ கத்தினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கணேசனின் அப்பாவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

“செத்த பொறுங்க அண்ணாச்சி. இன்னும் வரி இருக்கு.”

அப்பா இந்த முறை நின்றார். ஸ்கேல் இறங்கியது.

“என் காலத்துக்குப் பின் எனக்குச் செய்ய வேண்டிய சகல காரியங்களையும் மேற்படியானும் அவன் சந்ததியாருமே முன்னின்று செய்து வர வேண்டியது. அப்படிச் செய்யுங்காலத்தில், அவன் தகப்பன் பேர் விட்டுப்போகாதபடிக்கு, என்னைத் தகப்பனென்று சொல்லாமல் மாமனென்றே சொல்லிச் செய்து வர வேண்டியது.”

கடையில் அப்பா தட்டிவிட்ட ஸ்கேலை அக்கா எடுத்து வைத்த வரி அதுதான். நீயாச்சும் கேக்கியாட்டி என்று என்னிடம் கேட்ட வரி. கேட்க நான் நின்றிருந்தால் அந்த மூன்று வாரம் இல்லை. அதை அவர் ஒரு போனில் சொல்லியிருக்கலாம், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கலாம். இதற்காகத்தான் இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம். என்மேலும்தான்.

கணேசனின் அப்பா தட்டுக்குக் கை நீட்டவில்லை. அப்பாவின் தோளைத் தொட்டுக் கல்லின் பக்கம் திருப்பிவிட்டார். “ஒங்க மாமன். நீங்கதான் செய்யணும்” என்றார்.

அப்பா கல்லின் முன்னால் போய் நின்றார். ஐம்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து கூப்பிட்ட சொல் நாக்கில் வந்து முட்டியிருக்க வேண்டும்.

“மாமா” என்றார். பிறகு சத்தமாக, “மாமா, வந்திருக்கேன்” என்றார்.

பின்னால் பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். கணேசன் எங்கே என்று தேடினால் அவன் காளைக் கல்லுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். சித்தப்பாவும் கண்ணைத் துடைத்தார். எல்லாம் முடிந்தது என்று கூட்டம் கலைந்து இலை போட நகர்ந்தது.

“இன்னும் முடியல” என்றார் அக்கா.

எல்லோரும் நின்றோம். அவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், முக்காடெல்லாம் வேர்வை. ஸ்கேல் கடைசிப் பத்திக்கு இறங்கியிருந்தது. பானைகள் ஆறிக்கொண்டிருக்க, எழுபது குடும்பமும் கை கட்டி நிற்க, அவர் வாசித்தார்.

“இதற்கு நான்கெல்லை. கிழக்கு, மாந்தோப்பு. வடக்கு, வண்டிப்பாதை. தெற்கு, ஓடை. மேற்கு...”

அவர் ஸ்கேலை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நாங்களும் திரும்பிப் பார்த்தோம்.

“மேற்கு, மலை” என்றார் அக்கா.